எரியாத பஞ்சு

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை ஒட்டி ஒரு நெல் குடோன் இருந்தது. நெல் இருந்த காலத்தில் எலிகளைத் தவிர வேறு யாரும் அதனால் பிழைத்ததாகத் தெரியவில்லை. பாண்டிச்சேரி எல்லைக்குள் கம்பெனி வைத்தால் வரிச்சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு, எண்பத்தைந்து எண்பத்தாறு வாக்கில் மெட்ராசிலிருந்து ஒரு முதலாளி வந்து அதை வாடகைக்குப் பிடித்தார். கூரைத் தகரத்தை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் இங்கிலீஷில் போர்டு மாட்டினார். உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது ஊருக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. முதல் சட்டியை லாரியில் ஏற்றிய அன்று கடலூர் பஸ் நின்று வேடிக்கை பார்த்தது. கல்யாண வீட்டுக் குழம்பு மொத்தத்தையும் ஊற்றி வைக்கலாம் போல அத்தனை அகலமான வெள்ளைச் சட்டி. ஆகாசத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டிலிருந்து டிவி படத்தை இது பிடித்துக் கொடுக்குமாம்.

"புடிச்சி யாருக்குக் குடுக்கும்?" என்று கேட்டார் டீக்கடை கண்ணையன். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் அப்போது டிவி பெட்டி இருந்தது பஞ்சாயத்து ஆபீசில் மட்டும்தான். அதிலும் பாதி நாள் மனுஷ முகத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம் தெரியும்.

சட்டி செய்கிற வேலை பார்க்க வேண்டிய வேலை. குடோன் நடுவில் பெரிய அச்சு கவிழ்ந்து கிடக்கும். அதன்மேல் மெழுகு தேய்த்து, வெள்ளைப் பூச்சு பூசி, பஞ்சை விரிப்பார்கள். ஆண்கள் பிரஷ்ஷில் பிசினைத் தொட்டு அதன்மேல் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். நடுவில் ஓர் அலுமினிய வலை. ஆகாசத்திலிருந்து வருவது அந்த வலையில் பட்டுத்தான் திரும்பும் என்றார்கள். மறுபடி பஞ்சு, மறுபடி பிசின். பிசினில் கலக்கிற மருந்து வேலையைக் காட்டியதும் எல்லாம் சூடேறிக் கல்லாக இறுகிப்போகும். அந்த நெடி ரோட்டில் போகிற மாட்டு வண்டிக்காரனையும் தும்ம வைக்கும். பெண்களுக்குச் சுருளாக வருகிற பஞ்சைக் கத்தரியால் வெட்டுகிற வேலை. இறுகிய சட்டியின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கிற வேலை.

பஞ்சு என்று சொல்லிக் கொடுத்தவர் பாகூரிலிருந்து வந்த மேஸ்திரி குழந்தைவேல். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். இலவம்பஞ்சைத் தட்டிப் பாயாக விரித்த மாதிரி, கொஞ்சம் பளபளப்பு கூட. அது கண்ணாடி. கண்ணாடியை உருக்கி, மயிரைவிட மெல்லிசாக இழுத்து, நறுக்கிச் சேர்த்தது. இதை அங்கே வேலை செய்த ஒரு பெண்ணிடமும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் கையுறை கேட்பார்கள் என்று நினைத்தார்களோ, சொல்லி இவளுகளுக்கு என்ன புரிந்துவிடப்போகிறது என்று நினைத்தார்களோ.

அம்சவள்ளி விளிம்பு தேய்க்கிறவள். அதற்கு முன் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் இருசப்பன் கரும்பு வெட்டுகிற ஆள். ஆலைக்குக் கரும்பு போகிற மாதங்களில் ராஜா, மற்ற மாதங்களில் கண்ணையன் கடை பெஞ்சில் குந்திக்கொண்டு உலகத்தைத் திருத்துவான். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, மாரியம்மன் கோயிலில் மண்சோறு தின்று பெற்ற பெண் குழந்தை அஞ்சலை. அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டது இருசப்பனின் அக்கா ராமாயி. பிள்ளை இல்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ள, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

மத்தியானச் சாப்பாடு குடோனுக்குப் பின்னால் புங்க மரத்தடியில். பழைய சோறும் சுட்ட கருவாடும் அம்சவள்ளிக்கு. அவளோடு வேலை செய்கிற சபுரா முருங்கைக்கீரையும் சோறும் கொண்டு வருவாள். சபுராவின் வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"இன்னாடி அம்சா, ஒரு கையால துன்ற, ஒரு கையால சொறியற. போயி அந்த மரத்துல தேச்சிக்கோ, எரும மாரி."

"ஒனக்கு அரிக்கலியாக்கா?"

"எனக்கு அரிச்சி அரிச்சி மரத்துப்போச்சி. மொதல்ல தூக்கமே வராது. சொறி புடிச்சவளோட படுக்கமாட்டன்னு எங்க வூட்டுக்காரரு பாயத் தூக்கினு வெளிய போயிட்டாரு. அதுவும் நல்லதுக்குத்தான்னு வுட்டுட்டன்."

"மேஸ்திரிகிட்ட சொன்னா வேர்க்குருன்றாரு."

"அவருக்கு வேர்க்குரு வராது. உள்ள வந்து வேல செஞ்சாத்தான வேர்க்கும்?"

"கொஞ்சம் தேங்காண்ண தடவிக்கினா தேவல."

"தடவித்தான் பாரேன்! எண்ண பட்ட எடத்துல பிசின் புடிக்காதுன்னு போன வாரம் தனக்கொடிய இன்னா வாங்கு வாங்கனாரு? மூஞ்சி கழுவிக்கினு வா, இல்ல வூட்டுக்குப் போன்னுட்டாரு."

இப்படித்தான் எண்ணெயும் இல்லாமல் போயிற்று. முழங்கையிலும் கழுத்திலும் புடவைக் கட்டு படுகிற இடுப்பிலும் பெண்கள் பவுடரைக் கொட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

வேலைக்கென்று அம்சவள்ளி ஒரு பழைய நூல் புடவை வைத்திருந்தாள். மயில் கழுத்து நிறம். அன்றாடம் கட்டி, அன்றாடம் வாய்க்காலில் அலசிக் காயப்போடுவாள். பிசின் சொட்டிச் சொட்டி முந்தானை முழுக்கப் பலகையாகிவிட்டது. மற்ற இடமெல்லாம் கசங்கிக் கசங்கி மெத்தென்று ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தூளித் துணி கிழிந்தது. முந்தானையை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ராமாயியிடம் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குத் தூளி கட்டப் புதுத்துணி எடுக்கமாட்டார்கள். ஆகாது. பெற்றவள் கட்டிக் கழித்த புடவைதான் வேண்டும். அந்த வாசனையில் பிள்ளை அசந்து தூங்கும். ராமாயி புடவையை முகத்தில் வைத்துப் பார்த்து, "நல்லா பூவாட்டம் கீது" என்று சொல்லி உத்திரத்தில் கட்டினாள். எத்தனை தண்ணீரில் அலசினாலும் இழைக்குள் ஏறின கண்ணாடித் தூள் போகாது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றாடம் அதைக் கட்டிச் சொறிந்தவளுக்கே தெரியவில்லை.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒருநாள் அம்சவள்ளி வேலை முடிந்து வரும்போது வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. ராமாயி தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு தள்ளி வுட்டுட்டு வா. கைகால் கழுவிக்கினு வா. ஆத்தா வந்துகீறாடி."

தூளிக்குள் அஞ்சலை கத்திக்கொண்டிருந்தாள். கன்னம், கழுத்து, தொடை எல்லாம் சிவந்து பொறிப்பொறியாக எழும்பியிருந்தது. உடம்பும் கொதித்தது.

"முத்து முத்தா போட்டுகீறா பாரு. மண்சோறு துன்னு வாங்கன புள்ளைய பாக்க வந்துகீறா. கோவத்துல வரல, ஆசையில வந்துகீறா."

அம்மை வந்த வீட்டின் சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊசி மருந்து என்ற பேச்சே கூடாது. கேழ்வரகுக் கூழும் மோரும் இளநீரும்தான் ஆகாரம். அவிழ்க்கக் கூடாதவற்றில் தூளியும் ஒன்று. அம்மன் அதில் ஊஞ்சலாடுகிறாள் என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்புகிற வரைக்கும் கட்டிய துணி கட்டியபடியே கிடக்க வேண்டும். ராமாயி அதற்குள் வேப்பிலையைப் பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்தாள்.

வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து யாரும் கம்பெனிக்கு வரக் கூடாது என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். அம்சவள்ளி வீட்டோடு இருந்தாள். அவளுடைய அரிப்பு மெல்ல அடங்கியது. கழுத்துச் சிவப்பு மறைந்தது. பிள்ளைக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"அண்ணி, மடியில வெச்சிக்கினா தூங்கறா. தூளியில போட்டா துள்ளித் துள்ளி கத்தறா. கொஞ்ச நேரம் பாயில போட்டுப் பாக்கலாமா?"

"வாயக் கழுவுடி. ஆத்தா ஆடற எடத்துலேர்ந்து புள்ளையத் தூக்கி கீழ போடுவியா? அவ ஆட ஆடத்தான எறங்குவா."

"இல்ல அண்ணி, என்னுமோ குத்தற மாரியே கத்தறா."

"முத்து குத்தாம இன்னா பண்ணும்? எங்கம்மாவுக்குப் போட்டப்ப நாக்குல கூட போட்டுச்சி."

ராமாயி கெட்டவளாக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபம். அவள் கெட்டவள் இல்லை. பிள்ளைக்காக ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்தினாள். பகலெல்லாம் தூளிக் கயிற்றைப் பிடித்தபடி வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஆட்டுகிற கை ஓய்ந்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தத் துணி பிள்ளையின் முகத்தில் உரசியது.

பிள்ளை கையால் கண்ணைத் தேய்க்கத் தொடங்கினாள். வலது கண் ரத்தமாகச் சிவந்தது, பிறகு வீங்கி மூடிக்கொண்டது. ராமாயி அதில் இளநீர் விட்டாள், மஞ்சள் தண்ணீர் விட்டாள். இருசப்பன் வாசலில் உட்கார்ந்து, "தாயே, எடுத்துக்கறதா இருந்தா என்ன எடுத்துக்கோ" என்று அழுதான். இமை திறந்த அன்று கருவிழி மேல் ஒரு வெள்ளை படர்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் சபுரா வந்தாள். அம்மை வீட்டுக்குள் அடுத்தவர்கள் நுழையக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். வேலிக்கு அப்பால் நின்று குரல் கொடுத்தவள், பிள்ளை கத்துகிற கத்தலைக் கேட்டு உள்ளே வந்துவிட்டாள். தூளியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். விலக்கின கையை விரித்து விரலோடு விரலைத் தேய்த்தாள்.

"அம்சா, இது நீ கம்பெனிக்குக் கட்டிக்கினு வர பொடவ இல்ல?"

"ஆமாங்க்கா."

"ஒனக்கு இப்ப அரிக்குதா?"

அம்சவள்ளி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு தூளிக்குள் கையை விட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள்.

"ஏய், தொடாத!" என்று ராமாயி குறுக்கே விழுந்தாள். "ஆத்தா எறங்காம தூக்கக் கூடாதுடி! ஏ இருசா, பாருடா!"

"வழி வுடு அண்ணி."

"துலுக்கச்சி பேச்ச கேட்டுக்கினு புள்ளைய சாவடிக்கப் போறியா?"

"யக்கா, என்ன எது வேண்ணா சொல்லிக்கோ," என்றாள் சபுரா. "புள்ளைய காட்டிட்டு வந்துடறோம். அப்பறமா வந்து என்ன செருப்பால அடி."

இருசப்பன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். யாரையும் தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. இரண்டு பெண்களும் ரோட்டில் கடலூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸை மறித்து ஏறினார்கள். வேப்பிலை வாசனையும் பிள்ளையின் கோலமும் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். பாண்டி வரைக்கும் உட்கார இடத்துக்குக் குறைவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. பூதக்கண்ணாடி விளக்கைத் தோலின்மேல் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஈரத் துணியால் பிள்ளையின் கழுத்தைத் துடைத்து, துணியை வெளிச்சத்தில் காட்டினார். மினுமினுத்தது.

"அம்மை இல்லம்மா இது. வீட்ல யாரு என்ன வேலை செய்யறீங்க?"

"சட்டி கம்பெனிங்க. பஞ்சு வேல."

"அது பஞ்சு இல்லை. கண்ணாடி. கண்ணாடி நூல்."

அம்சவள்ளி சபுராவைப் பார்த்தாள். சபுரா தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடம்பு ஆறிடும். கண்ணுல கீறி, புண்ணாகி, சீழ் வச்சிருக்கு. முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாம். இந்தக் கண்ணு இனிமே தெரியாதும்மா. அந்தக் கண்ணை பத்திரமா பாத்துக்க."

அம்சவள்ளி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றால் அம்மனைத் திட்டலாம். நான் கட்டின புடவை, நான் கொடுத்த புடவை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அழுகையை சபுராவாலும் நிறுத்த முடியவில்லை.

பிள்ளை உடம்பு தேறியது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அம்சவள்ளி தூளியை அறுத்துக் குழியில் புதைத்தாள். பிறகு கம்பெனிக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். கையைக் கழுவாமப் பிள்ளையைத் தூக்காதீங்க, இந்தப் புடவையை வீட்டுக்குள் கொண்டுபோகாதீங்க, இது கண்ணாடி.

குழந்தைவேல் சிரித்தார். "யாரும்மா சொன்னது? ஆஸ்பத்திரிலயா? அவுங்க கம்பெனிய வந்து பாத்தாங்களா? கண்ணாடின்னா ஒடையணும்ல? இது மடங்குது, சுருளுது. பஞ்சுடி இது, வெளிநாட்டுப் பஞ்சு."

அவர் சொன்னதுகூடப் பெரிதில்லை. கத்தரியும் கையுமாக நின்ற பெண்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தனக்கொடிதான் பேசினாள்.

"ஒம் புள்ளைக்கு அம்ம போட்டுச்சி, கண்ணு போச்சி. பாவம்தான். அதுக்கோசரம் கம்பெனிய மூட வெச்சிட்டு எங்கள மறுபடி சேத்துல எறக்கிடுவியா? இங்க நெழல்ல நின்னு வேல செய்யறோம். அதப் பொறுக்கல ஒனக்கு."

"நான் மூடச் சொல்லலடி. ஒங் கையப் பாரு."

"என் கைக்கு ஒன்னுமில்ல." தனக்கொடி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அன்றோடு அம்சவள்ளிக்கு வேலை இல்லை. பின்னாலேயே இருசப்பனுக்கு வந்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன், காக்கிச் சட்டை, உட்கார நாற்காலி.

"இன்னாத்துக்குக் குடுக்கறாங்க தெரியுதா?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"கூப்புட்டு குடுக்கறாங்க. வாணான்னு சொல்லச் சொல்றியா?"

"புள்ள கண்ணுக்கு குடுக்கறாங்கயா."

"புள்ள கண்ண ஆத்தா எடுத்துக்கினா. வேல வேற, அது வேற. நீ கண்ணாடி கண்ணாடின்னு ஊர்ல ஒளறாம இருந்தா போதும்."

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அந்த வருஷம் கம்பெனி உபயம். முதலாளி மெட்ராசிலிருந்து மஞ்சள் புடவையும் வெள்ளிக் கண்மலரும் அனுப்பியிருந்தார். அஞ்சலையின் பேரைச் சொல்லி அதை அம்மனுக்குச் சாத்தினார்கள். ராமாயி உருகிப்போனாள். யாரோ ஒரு முதலாளி, நம் பிள்ளைக்காக வெள்ளியில் கண் செய்து அனுப்புகிறாரே என்று ஊரே பேசியது. கண்ணைக் கெடுத்தவனே கண்மலர் அனுப்புகிற ஊரில் வேறு எதைத்தான் பேசுவார்கள்?

கோயில் எதிரே செங்கல் அடுப்பில் பெரிய அண்டா ஏறியிருந்தது. தென்னை மட்டை திகுதிகுவென்று எரிந்தது. பம்பைக்காரர் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். அம்சவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் வாழை இலைப் பொட்டலம். கம்பெனி வேலிக்குப் பின்னால் கழிவு கொட்டுகிற இடத்தில் பொறுக்கியது.

"மேஸ்திரி," என்று கூப்பிட்டு இலையை விரித்தாள். "இது இன்னா?"

குழந்தைவேல் சுற்றும் முற்றும் பார்த்தார். "இன்னாம்மா இது, கோயில்ல வந்து. பஞ்சு."

"பஞ்சுதான?"

"பஞ்சுதான்."

"எல்லாரும் கேட்டுக்குங்க. பஞ்சுன்னா நெருப்புல போட்டா எரியணும். எரிஞ்சி சாம்பலாயிட்டா நான் சொன்னது பொய். மேஸ்திரி கால்ல வுழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறன்."

இலையோடு அடுப்பில் போட்டாள். இலை சுருண்டு கருகியது. பஞ்சிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான். தணலின் மேல் அது வெள்ளையாக, போட்ட மாதிரியே கிடந்தது. அம்சவள்ளி ஒரு மட்டைக் காம்பால் அதை வெளியே இழுத்துப் போட்டாள். தனக்கொடி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். மேஸ்திரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. இனிமேல் யாரும் மறுக்க முடியாது என்று அம்சவள்ளி நம்பினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் நெஞ்சு நிமிர்ந்து மூச்சு வந்தது.

"தாயே!"

ராமாயிதான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியிருந்தாள்.

"நெருப்புல போட்டும் எரியலியே! எந் தாயே, மாரியாத்தா! மனசு குளுந்துட்டியா! ஒன் அடுப்புல போட்டது வெள்ள வெளேர்னு பூவாட்டம் கீதே!"

"மாரியாத்தா!" என்று யாரோ கத்தினார்கள். பம்பை பிளந்துகொண்டு கிளம்பியது. கூட்டத்தில் ஒருத்திக்குச் சாமி வந்து ஆடினாள். குழந்தைவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலில் கும்பிடு போட்டவர் அவர்தான். "ஆத்தா சக்திம்மா! ஊருக்கு நல்ல காலம்!"

"ஐயோ, கண்ணாடி! கண்ணாடின்னா எரியாதுயா! கேளுங்கயா!" என்று அம்சவள்ளி கத்தினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டிருக்காது. பூசாரி அந்த வெள்ளைத் துணுக்கை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தாம்பாளத்தில் எடுத்து வைத்தார். ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். கிள்ளி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ராமாயியும் ஒரு கிள்ளு வாங்கினாள். தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இருசப்பன் இடுப்பில் இருந்த அஞ்சலையிடம் போனாள். கண்ணீர் வழிய, "இந்த ஒத்தக் கண்ணையாவது காப்பாத்திக் குடு தாயே" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் இடது கண்ணுக்கு அதைக் கொண்டுபோனாள்.

அம்சவள்ளி எப்படிக் கூட்டத்தைத் தாண்டினாள் என்று தெரியாது. ராமாயியின் கையை ஓங்கித் தட்டினாள். அந்தத் துணுக்கு பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. போன வேகத்தில் தாம்பாளத்தையும் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் காலால் மிதித்துப் புதைத்தாள்.

பம்பை நின்றுவிட்டது. இருசப்பன் பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னாலும் அவளை அறைந்தான். யாரும் விலக்கவில்லை. சபுரா மட்டும் வந்து அவளைத் தூக்கி நிறுத்தி, முகத்தைத் துடைத்து அழைத்துக்கொண்டு போனாள்.

சட்டிகள் அதற்கப்புறமும் லாரி லாரியாகப் போயின. அஞ்சலைக்கு மிச்சமிருந்த கண் பழுதில்லாமல் இருக்கிறது. அந்தக் கண்ணால் படித்து, பாகூர் ஹைஸ்கூல் வரைக்கும் போனாள். அவளுக்கு ஒரு கண் எப்படிப் போனது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அம்மாக்காரி ஆத்தாளின் பிரசாதத்தைக் காலால் மிதித்தாள், ஆத்தா கண்ணைப் பிடுங்கிக்கொண்டாள். கண் போனது பங்குனியில், மிதித்தது ஆடியில் என்று நான் பலபேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"இவ மெதிப்பான்னு ஆத்தாவுக்கு முன்னாடியே தெரியாதா?" என்று கேட்கிறார்கள்.